ஒரு பிடி குறைந்த உலை

நான் குருவானவராக இந்தச் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் இந்தச் சபை வட்டாரத்துக்கு, மாறுதலில் வந்த இரண்டாவது வருடம், கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். இனிமேல் பிடி அரிசி வேண்டாம், அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு காணிக்கைக் கவர் கொடுத்துவிடலாம் என்று. பிடி அரிசி என்பது, உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஆலயத்துக்கென்று எடுத்துவைக்கும் ஒரு பிடி அரிசி. அன்றைக்குப் பேச வேண்டிய மற்ற விஷயங்கள் எல்லாம் பெரியவை. ஆலயக் கூரையில் ஒழுக்கு, கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையின் கணக்கு. அவற்றை முடிக்கவே இரவு பத்து மணி ஆகிவிட்டது. பிடி அரிசி கடைசிப் பொருள். பொருளாளர் சொன்னார், நான் சரி என்றேன், எல்லாரும் கை தூக்கினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தேன். அந்த ஐந்து நிமிடம் இன்றுவரை என்னை விடவில்லை.

காரணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பெண்கள் டப்பாவிலும் தூக்குவாளியிலும் துணிப்பையிலும் அரிசி கொண்டுவருவார்கள். ஆலய வாசலில் ஒரு அண்டா இருக்கும், அதில் கொட்டுவார்கள். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி, பாதி வீடுகளில் ரேஷன் புழுங்கல். எல்லாம் ஒன்றாகக் கலந்தபிறகு அதைச் சோறாக்க முடியாது. பச்சரிசி குழைந்து கூழாகும் நேரத்தில் புழுங்கல் வேகாமல் விறைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் மொத்தமாக விற்றுவிடுவது வழக்கம். வாங்குகிறவர் கோழித் தீவனத்துக்குத்தான் வாங்குகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். கிடைக்கும் பணம் சொற்பம். விற்பதற்குள் வண்டு விழுந்துவிடும், எலி வேறு பையைக் கடித்துவிடும். அப்புறம் இன்னொன்று. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். "சும்மா கிடைச்ச அரிசியையா ஆண்டவருக்குக் கொடுக்கிறது?" என்று ஒரு கமிட்டி உறுப்பினர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் அப்போது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் நான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவனாக வளரவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. தேரிக்காடு என்னும் செம்மணல் காட்டு ஓரத்தில் இருக்கிறது என் ஊர். அப்பா பனையேறி. பங்குனியில் பதநீர் இறங்க ஆரம்பித்தால் ஆடிவரை வீட்டில் கருப்பட்டி வாசம் இருக்கும், கையில் நாலு காசு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடையில் கணக்கு எழுதித்தான் அரிசி. அந்த மாதங்களிலும் அம்மா உழக்கால் அரிசி அளந்து சுளகில் கொட்டி, கல் பொறுக்கி, உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த ஓலைக் கொட்டானில் போடுவார். நான் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தேன். பசிக்கிற வயது. ஒருநாள் கோபத்தில் கேட்டேன், "கடன் வாங்கின அரிசியிலயுமாம்மா?" அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடன் நம்ம கடன். பிடி அவரோடது," என்றார். கையில் ஒட்டியிருந்த நொய்யைத் தட்டிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார். இந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்தவன்தான் அந்தக் கூட்டத்தில் தலைமை நாற்காலியில் இருந்தேன்.

வெள்ளாளன்விளையிலிருந்து டோர்ணக்கல்வரை

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஊழியப் பண்டிகை தோறும் பிரசங்க பீடத்தில் நின்று நானே இதைச் சொல்லியிருக்கிறேன். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாக 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதை உண்டாக்கியவர்களில் முக்கியமானவர். ஊழியர்களும் இந்தியர்கள், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில் என்பது அந்தச் சங்கத்தின் உறுதி. வெளிநாட்டிலிருந்து ஒரு காசு வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, தெலுங்கு நாட்டில் டோர்ணக்கலுக்கு ஊழியம் போனார்கள். அசரியா அங்கேயே போய் வேலை செய்தார். 1912இல் கல்கத்தாவில் அவரைப் பேராயராக அபிஷேகம் செய்தபோது, ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆவது அதுதான் முதல் தடவை.

வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று சொல்வது எளிது. பனையேறிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த சபைகளில் உள்நாட்டுப் பணம் எங்கிருந்து வரும்? கருப்பட்டியாக வந்தது, கோழியாக, முட்டையாக, முதல் காய்ப்புத் தேங்காயாக வந்தது. பிடி அரிசியாகவும் வந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. மிசோரத்தில் 1910இல் பெண்கள் இதே மாதிரி ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள். 'பூஃபாய் தாம்' என்று அதற்குப் பெயர். அந்தச் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றாக அது இன்றைக்கும் இருக்கிறது. காஞ்சிப் பெரியவரும் வீடுதோறும் பிடி அரிசி எடுத்துவைக்கச் சொன்னவர்தான். உலை வைக்கும்போது இல்லாதவனை நினைப்பது இந்த மண்ணில் எல்லாருக்கும் பொதுவான பழக்கம். இதையெல்லாம் நான் அறிந்திருந்தேன். ஒலிபெருக்கியில் பேசுவதற்கு எனக்கு அது நல்ல கதையாக இருந்தது. என் சொந்த ஆலய வாசலில் அதே கதை ஒரு பழைய அண்டாவாக நின்றபோது, அதை ஓரமாக எடுத்துவைக்கச் சொன்னேன்.

கவர் நன்றாகவே நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத்தில் வந்த பணம், பிடி அரிசி விற்று ஒரு வருடத்தில் வந்த பணத்தைவிட அதிகம். கூரை ஒழுக்கை அடைத்தோம். பொருளாளர் நேர்மையானவர், ஒவ்வொரு கவருக்கும் ரசீது எழுதினார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருடம் குருவானவராக இருந்தும், எங்கள் பெண்களுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை என்பதும், அவர்கள் மறுப்பைச் சொல்கிற விதமே வேறு என்பதும் எனக்கு அப்போது நினைவில் வரவில்லை.

நான்கு டப்பா

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆச்சி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. மகன் சென்னையில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறார். மாதம் தவறாமல் பணம் அனுப்புவார், அதில் ஐம்பது ரூபாய் கவருக்கென்று தனியாகச் சொல்லி அனுப்புவார். ரசீதும் மகன் பெயரில்தான். வாசலிலிருந்து அண்டாவை எடுத்த பிறகு ஆச்சி கோயிலுக்கு வருவது குறைந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் திண்ணைப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எலும்பு முறியவில்லை, ஆனால் நடமாட்டம் வீட்டுக்குள் மட்டும் என்றாகிவிட்டது. வீட்டுக்கே போய்த் திருவிருந்து கொடுக்கலாம் என்று ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் போனேன்.

"வாங்கய்யா, இருங்க. உலை கொதிக்கிது, அரிசியப் போட்டுட்டு வந்துருதேன்," என்றார் ஆச்சி. ஒரே அறை வீடு. கட்டிலில் உட்கார்ந்தால் அடுப்பு தெரியும். நான் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வைத்திருந்த சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆச்சி உழக்கால் அரிசியை அள்ளி, மேலே குவிந்திருந்ததை உள்ளங்கையால் வழித்துவிட்டுச் சுளகில் கொட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இரண்டு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு வலது கையை அரிசிக்குள் விரல்கள் மறையும்வரை விட்டு, மெல்ல மூடி எடுத்தார். கை நடுங்கியது. விரல் இடுக்கில் ஏழெட்டு மணி தரையில் சிந்தியது. எடுத்த பிடியை அலமாரிக்குக் கீழே இருந்த ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை வளைத்துக் குனிந்தார். நான் எழுந்து உதவப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். சிந்திய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கியதை உலைக்கு வைத்திருந்த அரிசியோடு சேர்க்கவில்லை. தூக்கில் போட்டார். "அவருக்குன்னு எடுத்ததுலா," என்றார்.

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயிற்று. "ஆச்சி, பிடி அரிசியை நிறுத்தி ஏழு மாசம் ஆச்சே," என்றேன். "நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க," என்றார். "எடுக்கதை எப்படிய்யா நிறுத்தது? கை அதுபாட்டுக்குப் போகுது." அலமாரிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அந்தத் தூக்கைத் தவிர ஒரு பழைய பிஸ்கட் டப்பா, இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில். எல்லாம் நிறைந்திருந்தன. வண்டு வராமல் இருக்க ஒவ்வொன்றிலும் காய்ந்த வேப்பிலையும் இரண்டு வற்றல் மிளகாயும் போட்டிருந்தார். "கோயிலுக்கு வேண்டாம்னு சொல்லிட்டீங்க. சரி. ஆனா இத யாருக்குக் கொடுக்கணும்னு நீங்க சொல்லலியே ஐயா," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். உண்மையாகவே வழி கேட்டார். ஏழு மாதமாக அந்தக் கேள்வியோடு உலை வைத்திருக்கிறார்.

நான் ஏதோ சொல்ல வேண்டும் என்பதற்காக, மகன் கவரில் காணிக்கை அனுப்புகிறாரே ஆச்சி என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் என்னை உட்கார்ந்த இடத்திலேயே நிறுத்திவைத்தது. "அது அவன் சம்பாத்தியம். அவன் காணிக்கை. எங்கைல ரூவா எப்பய்யா இருந்துச்சு? முதல்ல அப்பா கையில, அப்புறம் வீட்டுக்காரரு கையில, இப்ப மவன் கையில. அரிசிதான் எங்கைல இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, எடுக்கும்போது என்ன ஜெபம் செய்வீர்கள் என்று கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "உலை கொதிக்கையில ஜெபத்துக்கு எங்கய்யா நேரம்? இது உமக்குன்னு சொல்லிப் போடுவேன். அவ்வளவுதான்," என்றார். அப்புறம் திருவிருந்து கொடுத்தேன். அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். உள்ளங்கை ரேகையில் அரிசித் தவிட்டின் வெள்ளை ஒட்டியிருந்தது. அந்தக் கையில் அப்பத்தை வைத்தபோது என் வாய் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னது. மனது வேறெங்கோ இருந்தது.

கையில் இருந்தது

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சாறிபாத் விதவையைப் பற்றி நான் எத்தனை தடவை பிரசங்கித்திருப்பேன். எலியா தீர்க்கதரிசி பஞ்சகாலத்தில் அவளிடம் அப்பம் கேட்கிறான். தன்னிடம் இருப்பது பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டும்தான் என்கிறாள் அவள். நான் எப்போதும் மாவு குறையாமல் போன அற்புதத்தைப் பற்றித்தான் பேசுவேன். அந்த வசனத்தில் 'ஒரு பிடி' என்று இருப்பதை அன்றுதான் கவனித்தேன். எலியா அவளிடம் பணம் கேட்கவில்லை. அவள் ஆளுகையில் இருந்த ஒரே இடம் அடுப்பு. அங்கிருந்து கேட்டான். முதலில் எனக்கு, பிறகு உனக்கும் உன் மகனுக்கும் என்று அளவுக்குள்ளேயே கேட்டான்.

பிடி அரிசியைப் பற்றி நான் நினைத்திருந்தது எல்லாம் வருமானக் கணக்கு. உண்மையில் அது எங்கள் வீடுகளில் பெண்கள் யாரையும் கேட்காமல் கொடுத்த ஒரே காணிக்கை. சங்கக் காணிக்கைப் பட்டியல் குடும்பத் தலைவர் பெயரில் இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயைக் கூட்டிக் கேட்கிறவர்கள் ஆண்கள். கவரில் எவ்வளவு வைப்பது என்று வீட்டில் முடிவு செய்கிறவரும் பெரும்பாலும் ஆண்தான். உழக்கு மட்டும் பெண் கையில் இருந்தது. அளந்த அரிசியில் ஒரு பிடியைக் குறைத்தால் அன்றைக்கு யார் தட்டில் எவ்வளவு குறையும் என்பது அவளுக்குத் தெரியும். பெரும்பாலும் அவள் தட்டில்தான் குறையும். என் அம்மா கடைசியாகச் சாப்பிட உட்காருவார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. தட்டில் எவ்வளவு இருந்தது என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

கவருக்குள் போவது, மாதச் செலவெல்லாம் போக மிஞ்சியது. பிடி அரிசி மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை. சோறு ஆவதற்கு முன்னால், பசி தீர்வதற்கு முன்னால் எடுப்பது. அதுவும் தினசரி. நான் ஞாயிறு தோறும் ஒன்றரை மணி நேரம் ஆராதனை நடத்துகிறேன். என்னைக் கேட்காமலும் எனக்குத் தெரியாமலும், என் சேகரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அடுப்பங்கரைகளில் தினமும் ஒரு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு நொடிதான் ஆகும், இரண்டே வார்த்தை. அதன் கதவை நான் சாத்தினேன். இலவச அரிசியைக் காணிக்கையாகக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் அன்று ராத்திரி எனக்குப் பதில் கிடைத்தது. எனக்குக் கிடைத்த மழையும் வெயிலும் இலவசமாக வந்தவைதான். ஆச்சி சாப்பிடுவது அந்த அரிசியைத்தான். தான் சாப்பிடுவதில்தான் பங்கு கொடுக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இந்த விஷயத்தைப் பிறகு நான் வீடு வீடாகக் கேட்டுப் போனபோது ஒரு பெண் சொன்னார்: "ஐயா, நிறுத்தினப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ரேஷன் அரிசியக் கொட்டும்போது பக்கத்துல நிக்கிறவங்க பொன்னி கொட்டுவாங்க. வெக்கமா இருக்கும். அதனால கோயிலுக்குன்னு கடையில அரைக் கிலோ பொன்னி வாங்கிட்டு வருவேன்." வீட்டில் ரேஷன் அரிசி சாப்பிட்டுக்கொண்டு, கோயிலுக்குக் கடை அரிசி வாங்கியிருக்கிறார். அந்த அண்டாவுக்கு முன்னால் அப்படியும் ஒரு பாரம் இருந்திருக்கிறது. வாசலில் எல்லாரும் பார்க்கக் கொட்டுவது என்ற ஏற்பாடு எங்கள் தவறு. அதையும் நான் அதுவரை யோசித்ததில்லை.

மூன்று பானை

ஆச்சியின் அரிசியைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தராசில் வைத்தபோது ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. என் மனைவி வேப்பிலையை எடுத்துவிட்டு அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு, "இதை விக்கக் கூடாதுங்க," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த கமிட்டியில் இதை முதல் பொருளாக வைத்தேன். எளிதாக இருக்கவில்லை. பொருளாளர் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியானவை. யார் காவல், எங்கே வைப்பது, வண்டு விழுந்தால் என்ன செய்வது, கலந்த அரிசியை வைத்து என்ன செய்ய முடியும், மறுபடியும் கோழிக்குத்தானே? எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது, ஏனென்றால் முதல் தடவை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. அந்த நேரத்தில் ஒருவர் பெரிய வெள்ளிக்கிழமைச் செலவுக் கணக்கை எடுத்துப் படித்தார். மும்மணி ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சியும் பயறும் கொடுப்போம். அதற்குக் கடையில் அரிசி வாங்கிய கணக்கு அது. நாங்கள் எங்கள் பெண்கள் கொடுத்த அரிசியைக் கோழித் தீவனத்துக்கு விற்றுவிட்டு, அந்தப் பெண்களுக்கே கஞ்சி ஊற்றக் கடையில் அரிசி வாங்கியிருக்கிறோம். எத்தனை வருடமாகவோ. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று முடிவாயிற்று. முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அவர்களை உட்காரவைத்து, கலந்த அரிசியை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்திருக்காமலே சொன்னார்: "எதுக்குக் கலக்கணும்? மூணு பானை வைங்க. புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி. கஞ்சிக்குன்னா புழுங்கல முதல்ல போட்டு, பாதி வெந்ததும் பச்சரிசியப் போட்டாப் போச்சு." அவ்வளவுதான். கமிட்டி பல வருடமாகத் தீராத சிக்கல் என்று நினைத்திருந்தது அது. பானைகளை வாசலில் வைக்க வேண்டாம், உள்ளே சாமான் அறையில் வைத்தால் யார் எதைப் போட்டார்கள் என்று யாரும் பார்க்கப் போவதில்லை என்றும் அவர்களே சொன்னார்கள்.

கவரை நிறுத்தவில்லை. அது நடக்கிறது, கூரைக்கும் சுவருக்கும் அது தேவை. பிடி அரிசியை இப்போது விற்பதில்லை. பெரிய வெள்ளிக்கு எடுத்ததுபோக மீதியை, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்கு இட்லி மாவுக்கும் கஞ்சிக்குமாகக் கொடுக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பெண்கள் ஆலயத் தாழ்வாரத்தில் சுளகோடு உட்கார்ந்து அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்குகிறார்கள். நான் எதிர்பார்க்காத இடம் இதுதான். சுளகு கையில் இருந்தால் பேச்சு தானாக வருகிறது. யார் வீட்டில் சுகமில்லை, எந்தப் பிள்ளை கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாமல் நிற்கிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடுகிறது. வருடக்கணக்காக நான் வீடு சந்திக்கப் போகும்போது எனக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, எல்லாரும் சுகம் ஐயா என்பார்கள். இப்போது தாழ்வாரத்து ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், திங்கட்கிழமை நான் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிகிறது. வயல் வரப்புத் தகராறில் ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் ஒரே சுளகின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கல் பொறுக்கியதைப் பார்த்தேன். பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. ஒருவர் தள்ளிய கல்லை மற்றவர் எடுத்து வெளியே போட்டார்.

இந்த வருடப் பெரிய வெள்ளிக்கு ஆச்சியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கஞ்சி குடித்தபோது, எப்படி இருக்கிறது ஆச்சி என்று கேட்டேன். "உப்பு பத்தலய்யா," என்றார். நான் உள்ளே போய் உப்பு எடுத்துவந்து கொடுத்தேன். ஒரு கல் உப்பை எடுத்துக் கஞ்சியில் போட்டு, விரலாலேயே கலக்கிக் குடித்தார். இரண்டாம் தடவையும் வாங்கினார்.

போன மாதம் முதல் ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒரு இளம் பெண், தூத்துக்குடியில் நர்ஸாக வேலை பார்க்கிறார். ஆலயத்தில் அவருடைய கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, நான்தான் வாசித்தேன், போன வருடம். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, சாமான் அறை வாசலில் தயங்கிக்கொண்டு நின்றார். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர், வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. "என்னம்மா?" என்றேன்.

"ஐயா, எங்க வீட்ல மாமாவுக்குச் சுகர். மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் டியூட்டில இருப்போம், ராத்திரி சப்பாத்திதான். அரிசி அளக்கிறதே வாரத்துல ஒருநாள்தான். அதான் மாவு பிசையறதுக்கு முன்னால தினம் ஒரு பிடி எடுத்து வச்சேன். இது மூணு பானையில எதுல போடணும்னு தெரியல."

கவரை வாங்கிப் பார்த்தேன். கோதுமை மாவு. மூன்று பானையும் அரிசிப் பானை. நான் மகனைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து ஒரு கலயம் எடுத்துவரச் சொன்னேன்.